பழைய லாரிக்கு பிசிஎம் மாற்றப் போகிறீர்களா? காசு கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, தேக்காவைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். அதற்காக ஓடுவது ஒரு 10 அடி லாரி, 2013ல் பதிவானது. விளக்கு, வைப்பர், பூட்டு எல்லாவற்றையும் நடத்தும் பிசிஎம் என்ற பெட்டி அதில் கெட்டுப்போய் நான் பட்ட பாடுதான் இது. 2023ல் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் 10 ஆண்டு உரிமைச் சான்றிதழ், முடிந்தபோது 5 ஆண்டுக்கு நீட்டித்தேன். 5 ஆண்டு என்றால் அந்த நேரத்துச் சராசரி ஏல விலையில் பாதி கட்ட வேண்டும். எனக்குச் சுமார் 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "இவ்வளவு பழைய வண்டிக்கு எதற்குச் செலவு, தள்ளிவிட்டு வேறு வாங்கு" என்றுதான் சொன்னார்கள். சிங்கப்பூரில் அப்படித் தள்ளிவிட முடியாது. வண்டி பழசு, ஆனால் அதன் சிஓஇ-க்குக் கட்டிய காசு புதுசு. ஓடினாலும் நின்றாலும் ஒரு நாளைக்கு 22 வெள்ளி கரைந்துகொண்டே இருக்கும். அதனால் ரிப்பேர் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

வில்லங்கம் டிசம்பர் மழையில் ஆரம்பித்தது. இண்டிகேட்டர் போட்டால் படபடவென்று இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கும். பல்பு போயிருக்கும் என்று இறங்கிப் பார்த்தால் எல்லாம் எரிகிறது. அப்புறம் கதவைச் சாத்திய பிறகும் உள்விளக்கு அணையவில்லை. சாவியைத் திருப்பியதும், நான் சுவிட்சைத் தொடாமலே வைப்பர் ஒரு வீச்சு வீசிவிட்டு நிற்கும். நின்ற வண்டியில் கதவுப் பூட்டு தானாக டக்கென்று விழும். வெயில் அடித்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஓடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் நாளெல்லாம் வெயில்தான், அது வேறு கதை.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர், வைப்பர், கதவுப் பூட்டு, உள்விளக்கு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை ஒரே சமயத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொண்டால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரிப்பேர் செய்யாதீர்கள். இவை எல்லாவற்றையும் நடத்துவது பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற ஒரே பெட்டி. எல்லாரும் பிசிஎம் என்று சொல்வது அதைத்தான். நீங்கள் தட்டும் சுவிட்ச் நேராக விளக்குக்குப் போவதில்லை. பெட்டிக்குச் செய்தி சொல்கிறது, விளக்கைப் போடுவது பெட்டிதான். பல வண்டிகளில் திருட்டுத் தடுப்பும், அதாவது சாவியை அடையாளம் கண்டு இன்ஜினை ஓடவிடும் இம்மொபிலைசரும், இதற்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் என்னைப் படுத்தியெடுத்தது இந்த இரண்டாவது வேலைதான்.

ஒரு நாள் காலையில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் புதுப் பேட்டரி போட்டார்கள், 190 வெள்ளி. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்ததாக, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்றார்கள். ரீகண்டிஷன் செய்தது, 380 வெள்ளி. வீட்டுக்கு வந்து அவர்கள் கொடுத்த வேலைச் சீட்டைப் பார்த்தால், கழற்றுவதற்கு முன் எடுத்த அளவு 14.1 வோல்ட் என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. என்னுடையது 12 வோல்ட் வண்டி (பெரிய லாரிகள் 24). இன்ஜின் ஓடாமல் ஆறிய நிலையில் பேட்டரி 12.6 பக்கம் இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 14.1 காட்டுகிற ஆல்டர்னேட்டருக்கு என்ன வியாதி? கேட்டதற்கு, "பழைய வண்டி பாஸ், எப்படியும் மாற்றத்தான் வேண்டும்" என்று பதில் வந்தது. இருபது வெள்ளி மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். அளந்து காட்டச் சொல்லுங்கள், காட்டிய எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. விடிவதற்கு முன்னால், ஆயர் ராஜா விரைவுச்சாலையில், பின்னால் முழு லோடு. பேய் மழை. வைப்பர் கண்ணாடிக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டது. ஒதுங்கலாம் என்று இண்டிகேட்டரைப் போட்டால் உயிரே இல்லை. நான்கு மூலை விளக்கும் சேர்ந்து மின்னும் ஹஸார்டு பொத்தானை அழுத்துகிறேன், அதுவும் இல்லை. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். பின்னால் வந்த டிப்பர் ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே கடந்தது, வண்டியே ஆடியது. ஹெட்லைட் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது, சுவிட்சைத் திருப்பினாலும் அணையவில்லை. பெட்டியோடு தொடர்பு அறுந்துபோனால் முன்விளக்காவது எரியட்டும் என்று பல நிறுவனங்கள் அப்படித்தான் வடிவமைக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அது பேய் பிடித்த மாதிரிதான் இருந்தது.

விரைவுச்சாலையில் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பக்கத்தில் குறித்துவைத்திருக்கும் கார்ப்பேட்டை (வண்டி நிறுத்துமிடம்) வரை இழுத்துப்போய் விடுவார்கள். அதற்குக் காசில்லை. அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்கும் செலவு நம்முடையது. எனக்கு 120 வெள்ளி. முக்கோணப் பலகையும் நல்ல டார்ச்சும் சீட்டுக்குப் பின்னாலேயே வைத்திருங்கள். ஹஸார்டு விளக்கு இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள், பெட்டி போனால் அதுவும் போய்விடும். கார்ப்பேட்டையில் உட்கார்ந்திருந்தபோது போன் மேல் போன். "எங்கேப்பா இருக்கே, கீரை இன்னும் வரல, பத்து மணிக்குப் பொரியல் போடணும்" என்று ஒருவர். அவர் கோபமும் நியாயம்தான். அன்றைய கீரையும் கொத்தமல்லியும் வாடிப்போய்க் குப்பைக்குப் போனது.

தெரிந்த ஒருவர் சொல்லி, காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் வயர்மேன் தம்பியைப் பிடித்தேன். அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். எல்லாரும் முதலில் ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் பார்ப்பார்கள்; இவர் மல்டிமீட்டரை எடுத்தார். "அண்ணே, பிசிஎம் போச்சுன்னு வர்ற வண்டியில நிறையப் பேருக்கு எர்த் தான் போயிருக்கும்" என்றார். பேட்டரி மைனஸை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்புதான் எர்த். விளக்குகளைப் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் பாடியில் எர்த் பிடித்த இடத்துக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் இழப்பு என்று பார்த்தார். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. என்னுடையது 0.04, குறையில்லை. பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில் 6ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் நடுவே ஓம் அளந்தார். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு வயர்கள் அங்கேதான் வருகின்றன. இரண்டு முனையிலும் 120 ஓம் தடை இருப்பதால் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்கு 60. ஆக, வயரில் கோளாறில்லை.

அப்புறம் பேட்டரியை மாட்டி, எல்லாவற்றையும் அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைத் தள்ளிவைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டார். தூங்குகிற வண்டி 0.05 ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்க வேண்டும். என்னுடையது 0.7 இழுத்துக்கொண்டிருந்தது. வண்டி நின்றால் சில நாளில் பேட்டரி காலியாக இது போதும். பிசிஎம் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சரசரவென்று கீழே வந்தது. கடைசியாகத்தான் ஸ்கேனர். இன்ஜின் கம்ப்யூட்டரில் யு0140 என்ற குறியீடு. பிசிஎம்மிலிருந்து செய்தி வரவில்லை என்பது அதற்குப் பொருள். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் போயிருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். இந்த ஒரு குறியீட்டைக் காட்டிப் பெட்டியை மாற்றச் சொன்னால், மேலே சொன்ன அளவுகளையும் கேளுங்கள்.

இடதுபக்கக் கால் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். ஈரக் கார்ப்பெட் நாற்றம் குப்பென்று வந்தது. உள்ளே கையகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, மூன்று கனெக்டர்கள். நடுக் கனெக்டரை இழுத்ததும் சொட்டு நீர் வழிந்து அவர் மணிக்கட்டில் ஓடியது. ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. பெட்டியின் மூடியைத் திறந்தால் மின்சுற்றுப் பலகையில் ரிலேயின் காலடியைச் சுற்றி உப்புப் படிந்த மாதிரி வெள்ளைத் தூள். அதன் கீழே மயிரிழைச் செம்புக் கோடுகள் இரண்டு அரித்துப்போய்க் காணாமலே போயிருந்தன. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் மாற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இது இங்கே நனைந்துகொண்டிருந்திருக்கிறது. தம்பிக்கு 150 வெள்ளி. இந்தக் கதையில் கொஞ்சமும் வருத்தமில்லாமல் கொடுத்த காசு அது.

லாரி நிறுவனத்தின் முகவரிடம் விசாரித்தேன். புதுப் பெட்டி 1,850, மாட்டிப் புரோகிராம் செய்ய 280. கையிருப்பு இல்லை, வர ஆறு வாரம் ஆகலாம். வாடகை லாரி ஒரு நாளைக்கு 90 வெள்ளி. ஆறு வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள், வாடகையே 3,000ஐத் தாண்டுகிறது. பொங்கல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழை இலையும் குவிகிற வாரத்தில் வாடகைக்குக்கூட லாரி கிடைப்பது கஷ்டம். தினமும் ஓட வேண்டிய தொழில் இல்லை, வண்டி சும்மா நிற்கலாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புதுசு வாங்குங்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பெட்டியின் விலையைவிடக் காத்திருப்பதன் விலைதான் அதிகம்.

ஆகவே பழைய பெட்டி. முதல் ஒர்க்‌ஷாப்காரரே தருவித்தார், 350 வெள்ளி. மாட்டியதும் இண்டிகேட்டர் ஒழுங்காக அடித்தது, வைப்பர் ஓடியது, பூட்டு விழுந்தது. எல்லாரும் சிரித்தோம். சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்து, இரண்டு விநாடியில் அணைந்தது. மறுபடி, மறுபடி, அதே இரண்டு விநாடி. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது வேறொரு லாரியின் சேசிஸ் எண்ணும் வேறொரு லாரியின் சாவிகளும். இன்னொருவர் சிங்பாஸை (அரசுச் சேவைகளுக்கான இணைய அடையாளம்) வைத்துக்கொண்டு நம் சிபிஎஃப் (சேமநிதி) கணக்கைத் திறக்கப் பார்ப்பது போலத்தான். ஒர்க்‌ஷாப்காரரிடம் இதை மாற்றி எழுதும் கருவி இல்லை. அதோடு, பாகத்தின் எண் வரிசையெல்லாம் பொருந்தியது, கடைசி எழுத்து மட்டும் வேறு. அந்த ஓர் எழுத்தில்தான் எந்த ரகப் பூட்டு, எந்த ரக விளக்கு என்பதெல்லாம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், "எலக்ட்ரிக்கல் ஐட்டம், நோ ரிட்டர்ன்" என்ற ரப்பர் ஸ்டாம்பு பில்லிலேயே குத்தியிருந்தது.

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெட்டி யாரிடம் கிடைக்கும் என்று தேடுவதற்கு முன், அதற்குள் உங்கள் வண்டியின் தரவை எழுதித் தரப்போவது யார் என்று தேடுங்கள். அவரிடம் பழைய பெட்டியின் படத்தைக் காட்டி, கடைசி எழுத்து வரை எண்ணைச் சொல்லி, "இது போட்டால் எழுத முடியுமா, சாவி சேருமா, கிலோமீட்டர் கணக்குக்கு எதுவும் ஆகுமா, ரகசிய பின் நம்பர் வேண்டுமா" என்று கேளுங்கள். அவர் தலையாட்டிய பிறகு காசை எடுங்கள். சாவிகளைப் புதிதாகப் பதிவு செய்வதாக இருந்தால் வீட்டிலிருக்கும் உபரிச் சாவியையும் எடுத்துப்போங்கள். பல வண்டிகளில் பதிவின்போது பக்கத்தில் இல்லாத சாவி பட்டியலிலிருந்து அழிந்துவிடும். வண்டியில் வைத்தே புரோகிராம் செய்தால், பேட்டரிக்குச் சார்ஜர் துணை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பாதியில் வோல்ட் இறங்கினால் புதுப் பெட்டியும் செத்துப்போக வாய்ப்புண்டு. முக்கியமாக, பழைய பெட்டியை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். கெட்டுப்போன பெட்டிதானே என்று ஒர்க்‌ஷாப்பில் குப்பையில் போடுவார்கள். நான் கேட்டு வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தேன், கடைசியில் அதுதான் காப்பாற்றியது.

மலேசியாவில், ஜொகூரில் விசாரிக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். விலை குறைவுதான். ஆனால் தொழிலுக்கு வாங்கும் பொருளுக்குப் பயணிகள் சலுகை கிடையாது, 9 சதவீதம் பொருள் சேவை வரி கட்டித்தான் கொண்டுவர வேண்டும். வேலை செய்யாவிட்டால் மறுபடி பாலத்தில் வரிசை. விட்டுவிட்டேன்.

தம்பி சொல்லித்தான் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் மின்சுற்றுப் பலகை ரிப்பேர் பார்க்கும் சீனப் பெரியவர் கிடைத்தார். கடையில் பெயர்ப் பலகைகூட இல்லை. "ஓல்டு பாக்ஸ் காட்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "இருக்கு அங்கிள்" என்று பையை நீட்டினேன். எட்டுக் கால் உள்ள நினைவுச் சில்லு ஒன்றைக் காட்டி, தண்ணீர் இதைத் தொடவில்லை என்றார். என் லாரியின் அடையாளம், சாவிகள் எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. இதே எண், இதே எழுத்து உள்ள பெட்டி ஒன்று மட்டும் வேண்டும். இதிலிருந்து படித்து அதில் எழுதிவிடலாம், சாவியைத் தொட வேண்டாம் என்றார். இங்கே சிங்கப்பூரின் சிஓஇ முறை நமக்கு ஒரு நன்மையும் செய்கிறது. என் லாரியோடு பதிவான கூட்டமெல்லாம் 10 ஆண்டு முடிந்து வரிசையாக, வண்டி உடைக்கும் யார்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள், காகிதக் கெடு முடிந்ததால் உடைபடுகின்றன. பெரியவரே ஒரு யார்டுக்குப் போன் போட்டு, எழுத்தோடு பொருந்திய பெட்டியைப் பிடித்தார், 380 வெள்ளி. எழுதும் கூலி 300. மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது. இரண்டு விநாடி, மூன்று, நான்கு... பத்து வரை எண்ணிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஆனால் மாற்றுப் பெட்டியை அதே ஈரத்தில் மாட்டினால் அடுத்த மழைக்கு அதுவும் போகும். தம்பி இதில் பிடிவாதமாக இருந்தார். வண்டிக்குள் நான் டார்ச்சோடு குனிந்திருக்க, வெளியே அவர் கண்ணாடிமேல் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்த் தண்ணீர் விட்டார். கண்ணாடியின் இடது கீழ் மூலைக்கு வந்ததும், வயர்க்கட்டு வழியாக ஒரு கோடு மெல்ல இறங்கி நேராகக் கனெக்டருக்குள் போனது. முந்தைய வருடம் கல் பட்டு முன்கண்ணாடி மாற்றியபோது அந்த மூலையில் பசை சரியாகப் படவில்லை. கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்ட 160 வெள்ளி. வயர்க்கட்டைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி கட்டினார். எங்கிருந்தாவது நீர் வந்தாலும் வளைவிலிருந்து தரையில் சொட்டிவிடும், ஊசிக்கு ஏறாது. பச்சை பூத்த ஊசிகளை கான்டாக்ட் கிளீனர் போட்டுச் சுத்தம் செய்தார், பிடிமானம் போன இரண்டை மாற்றினார். முன்கண்ணாடி மாற்றியவர்கள் அடுத்த பெரிய மழைக்குப் பிறகு கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

10 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன். அதில் தேறாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. எனக்குப் பிப்ரவரியில் வந்தது, விளக்கு, வைப்பர் எல்லாம் ஒரே தடவையில் தேறியது.

வண்டி நின்ற நாட்களுக்கு எடுத்த வாடகை லாரிக்கு மட்டும் 1,700க்கு மேல் போயிருக்கிறது. மற்றதெல்லாம் சேர்த்தால் 3,700 வெள்ளியைத் தாண்டிவிட்டது, வாடிய கீரை தனி. இதில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், பொருந்தாத பெட்டி மூன்றும் சேர்ந்து 920. அவை தேவையே இல்லாத செலவு. ஆல்டர்னேட்டர் காசைத் திருப்பிக் கேட்டேன். வேலைச் சீட்டைக் காட்டியதும் 100 வெள்ளி கழித்துக்கொள்கிறேன், அடுத்த சர்வீஸில் என்றார்கள். அடுத்த சர்வீஸுக்கு நான் அங்கே போகவில்லை.

பெரியவர் என் லாரியின் தரவை ஒரு தம்ப் டிரைவிலும் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெட்டி நல்ல நிலையில் இருக்கும்போதே இப்படி ஒரு நகல் எடுத்துவைக்கலாம், அவர் அதற்கு வாங்குவது 80 வெள்ளி. அந்த 350 வெள்ளிப் பெட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, கடைசி எழுத்து டி. உங்கள் லாரிக்கு அந்த எழுத்துதான் என்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். ஆனால் எழுதித் தருபவரை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.